காலையில் வைக்கும் முதல் அடி

நாள் முழுவதும் நின்று உழைத்த கால் இரவில் நோவது எவருக்கும் வியப்பைத் தருவதில்லை. உழைத்த உறுப்பு ஓய்வு கேட்கிறது, ஓய்வு கிடைத்ததும் நோவு தணிகிறது என்பது நாம் சிறுவயதிலிருந்தே அநுபவத்தில் அறிந்த கணக்கு. ஆனால் இரவு முழுவதும் ஒரு பாரமும் தாங்காமல் படுக்கையில் கிடந்த கால், விடியற்காலையில் கட்டிலை விட்டுத் தரையைத் தொட்ட கணத்திலேயே குதியில் சுரீரென்று குத்துவதும், சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலால் நொண்டியபடி கொல்லைப்புறம் வரை போய்த் திரும்புவதற்குள் அந்த வேதனை பாதிக்கு மேல் தணிந்துவிடுவதும், பிறகு சாயங்காலம் பஸ்ஸில் அரை மணி உட்கார்ந்து வந்து இறங்கும்போது அதே குத்தல் அதே இடத்தில் மறுபடி தலைகாட்டுவதும் இந்தக் கணக்குக்குச் சற்றும் ஒத்துவராத விஷயங்கள். ஓய்வுக்குப் பின் வலி ஏன் மிகுகிறது? நடந்தால் ஏன் குறைகிறது? நடந்தால் குறைவது உண்மையானால், அதிகம் நடந்த நாளுக்கு மறுநாள் காலையில் அது ஏன் முன்னிலும் உக்கிரமாக வந்து நிற்கிறது?

நம் ஜனங்கள் இதைக் குதிகால் வாதம் என்பார்கள். ஆயுளில் ஒரு தடவையாவது இதற்கு ஆளாகிறவர்கள் பத்துப் பேரில் ஒருவர் இருக்கலாம் என்பது வைத்திய நூல்களின் பொதுவான மதிப்பீடு. உயிருக்கு ஆபத்தில்லாத உபத்திரவம் என்பதால் இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வந்தவருக்கோ ஒவ்வொரு நாளும் இதனோடுதான் விடிகிறது. வீட்டில் இருந்தபடியே பெரும்பாலும் தீர்த்துக்கொள்ளக்கூடிய இந்த வியாதியை, அதன் காரணம் தெரியாமையினாலேயே பலர் ஆண்டுக்கணக்கில் வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாதத்தின் கட்டடம்

ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நடந்து போனவருடைய சுவட்டைக் குனிந்து பாருங்கள். குதியும், விரல்களின் அடிப்பாகமும், விரல்நுனிகளும், வெளிப்புற ஓரமும் பதிந்திருக்க, உட்புறத்து நடுப்பகுதி மட்டும் பதியாமல் வெறுமையாக இருக்கும். ஒரு பாதத்தில் உள்ள 26 எலும்புகளும் தரைமட்டமாக அடுக்கப்படாமல், பின்னே குதியையும் முன்னே விரலடியையும் ஊன்றுகோல்களாகக் கொண்டு மேல்நோக்கி வளைந்திருப்பதே இதற்குக் காரணம்.

மேலிருந்து சரீரத்தின் முழுப் பாரமும் அழுத்தும்போது இந்த வளைவு ஏன் விரிந்து தட்டையாகிவிடுவதில்லை? வில்லின் இரு நுனிகளையும் நாண் பிடித்துக்கொண்டிருப்பதைப்போல, இந்த எலும்பு வளைவின் இரு முனைகளையும் உள்ளங்காலின் அடியில் ஓடும் ஓர் உறுதியான வெண்ணிறப் பட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குதி எலும்பின் அடியில், உட்புறமாகச் சற்று முன்தள்ளிய ஒரு மேட்டில் அது தொடங்கி, முன்னே செல்லச்செல்ல அகன்று, ஐந்து கிளைகளாகப் பிரிந்து ஐந்து விரல்களின் அடியையும் சென்று பற்றுகிறது. இதைப் பாதப் பட்டை என்று அழைப்போம். கொல்லாஜென் என்னும் புரத நார்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு உண்டான இந்தப் பட்டை, தசையைப்போல் விருப்பப்படி சுருங்கவோ, ரப்பரைப்போல் தாராளமாக நீளவோ செய்யாது. குதியில் அதன் கனம் நான்கு மில்லிமீட்டருக்கு மேற்படுவது சாதாரணமாக இல்லை. மேற்பட்டிருந்தால் நோய் கண்டிருக்கிறது என்று அல்ட்ராசவுண்டு பார்க்கும் வைத்தியர்கள் கொள்கிறார்கள்.

குதிகால் வலி உள்ளவரைக் கூப்பிட்டு எங்கே வலிக்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர் கட்டைவிரலால் அழுத்திக் காட்டும் இடம் குதியின் நட்ட நடுவாக இராது; உட்புறமாகச் சற்று முன்னே இருக்கும். அதாவது, பட்டை எலும்பில் வேரூன்றியிருக்கும் அதே ஸ்தானம்.

ஒரு சிறு சோதனை

நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பாதத்தைத் தரையில் தட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தை அசைக்காமல், கையால் கால் கட்டைவிரலை மட்டும் பிடித்து மேல்நோக்கித் தூக்குங்கள். பாதத்தின் உட்புற வளைவு தானாகவே உயர்வதைக் காண்பீர்கள். மற்றொரு கையை உள்ளங்காலில் வைத்தால், குதியிலிருந்து கட்டைவிரலை நோக்கி ஒரு விறைத்த கயிறு எழும்பி நிற்பது பிரத்தியட்சமாகத் தட்டுப்படும். பாதப் பட்டை அதுதான்.

விரலைத் தூக்கினால் வளைவு ஏன் உயர வேண்டும் என்பதை 1954-ல் ஹிக்ஸ் என்னும் ஆங்கில உடற்கூற்று ஆய்வாளர் விளக்கினார். பட்டையின் முன்நுனி விரலின் அடிமூட்டைக் கீழிருந்து சுற்றிக்கொண்டு போய் விரலெலும்பில் முடிகிறது. ஆதலால் விரல் மேல்நோக்கி மடங்கும்போதெல்லாம் பட்டை அந்த மூட்டின்மேல் சுற்றப்பட்டு முன்னுக்கு இழுபடுகிறது. நீள மறுக்கும் பட்டை முன்னுக்கு இழுபட்டால், குதியும் விரலடியும் ஒன்றையொன்று நெருங்கியே ஆகவேண்டும். நெருங்கினால் நடுவிலுள்ள வளைவு உயர்ந்தே ஆகவேண்டும். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும், குதி தரையை விட்டு எழும்பி விரல்கள் மடங்கும் அந்தக் கடைசிக் கட்டத்தில், நாம் அறியாமலே இது நடந்தேறுகிறது. அதுவரை தளர்ந்து தரைக்கு இணங்கிக் கிடந்த பாதம் இறுகிக் கெட்டியாகி, சரீரத்தை முன்னே உந்தும் நெம்புகோலாக மாறுகிறது. அந்தக் கணத்தில் பட்டையில் ஏறும் இழுவிசை ஏறக்குறைய நம் உடல் எடைக்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். ஓடும்போது இதே வளைவு அமுங்கி நிமிர்ந்து, ஒவ்வோர் அடிக்கும் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ 17 சதவிகிதத்தைச் சேமித்துத் திருப்பிக் கொடுக்கிறது என்று 1987-ல் அலெக்சாண்டர் என்னும் பிரிட்டிஷ் விலங்கியலாளரும் அவர் தோழர்களும் கணக்கிட்டார்கள்.

இத்தனை வேலையையும் ஒரு மெல்லிய பட்டை, அதிலும் எலும்பில் அது பற்றியிருக்கும் ஒரு சிறு இடம், வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறது. அந்த இடம் என்றாவது முறையிடத் தொடங்குவதில் ஆச்சரியமில்லை.

இரவில் நிகழ்வது

உறங்கும்போது நம் பாதங்கள் எப்படிக் கிடக்கின்றன என்பதை நாம் பார்ப்பதில்லை; பக்கத்தில் உறங்குகிறவரைப் பார்த்தால் தெரியும். கணுக்கால் தளர்ந்து, பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து, விரல்கள் சற்றே உள்ளே மடங்கியிருக்கும். கெண்டைக்கால் சதையும் பாதப் பட்டையும் தங்களுக்குச் சாத்தியமான மிகக் குறுகிய நிலையில் மணிக்கணக்காகக் கிடக்கின்றன. பகலில் நைந்த நார்களைச் சரீரம் செப்பனிட முயலும் நேரமும் அதுவே. சுருங்கிய நிலையிலேயே அந்தச் செப்பம் நடக்கிறது. விடிந்ததும் ஒரே கணத்தில் முழு எடையையும் அதன்மேல் இறக்கி வைக்கிறோம். குறுகிக் கிடந்த பட்டை திடீரென்று தன் முழு நீளத்துக்கும் இழுக்கப்பட, நைந்த இடம் அலறுகிறது. பெரும்பாலான வைத்தியர்கள் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இது. சில அடிகள் நடந்ததும் திசு இளகிக் கொடுப்பதால் குத்தல் தணிகிறது. தணிந்ததே என்று நாள் முழுவதும் நடந்தால், தாங்கக்கூடியதற்கு மேற்பட்ட இழுவையால் இன்னும் சில நார்கள் நைகின்றன. அதற்குரிய பலன் மறுநாள் காலையில் கிடைக்கிறது.

தொடக்கத்தில் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இதில் விடை இருக்கிறது. பாதத்தைக் கெண்டைக்காலுக்குச் செங்குத்தாக நிறுத்தி வைக்கும் இரவுச் சிம்பு என்னும் சாதனத்தை அணிந்து உறங்குகிறவர்களில் பலருக்குக் காலைக் குத்தல் குறைவதும் இதற்குச் சான்று. ஆயினும் அதை அணிந்துகொண்டு உறக்கம் வருவது அரிது. நம்முடைய உஷ்ணத்தில் அது இன்னும் அரிது.

முள்ளின்மேல் விழுந்த பழி

“எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாங்க, எலும்பு முள்ளு மாதிரி வளர்ந்திருக்காம்” என்று சொல்லாத குதிகால் வலிக்காரரைக் காண்பது கஷ்டம். 1895-ல் ராண்ட்ஜன் அந்தக் கதிரைக் கண்டறிந்து ஐந்து வருஷங்களுக்குள், 1900-லேயே, பிளெட்னர் என்னும் ஜெர்மானியர் குதி எலும்பில் காணும் இந்த முள்ளை விவரித்துவிட்டார். அன்று தொடங்கிய பழி இன்றளவும் அதை விடவில்லை. குத்துகிற வலி, எலும்பில் ஒரு முள். காரணமும் காரியமும் இதைவிடத் தெளிவாக ஓரிடத்தில் கூடியிருக்க முடியுமா என்றே எவருக்கும் தோன்றும்.

ஆனால் அந்தப் படத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தால், முள் தரையை நோக்கிக் கீழே நீட்டிக்கொண்டில்லை என்பது விளங்கும். அது விரல்களை நோக்கி முன்பக்கமாக, தரைக்கு இணையாகப் படுத்திருக்கிறது. தரையில் ஊன்றும்போது அது சதையைக் குத்துவதற்கு வழியே இல்லை. தவிரவும், ஒரு நாளும் குதி வலித்தறியாத பலருடைய எக்ஸ்ரேயிலும் அந்த முள் இருக்கிறது. வலியால் துடிக்கும் பலரிடம் அது இல்லை. வலி முற்றிலும் குணமானவர்களிடம் அது குணமாவதற்கு முன்பு இருந்தபடியே இருக்கிறது. தீராத வியாதிக்காரர் என்று தம்மைத் தாமே கருதிக்கொண்டு, முள்ளைக் கரைக்கும் மருந்தென்று விற்கப்படுவதையெல்லாம் வாங்கிக் குடிக்கிறவர்கள் இந்த மூன்று உண்மைகளையும் மனத்தில் இருத்திக்கொண்டால் பணமாவது மிஞ்சும்.

இதைப்போலவே மற்றொரு நம்பிக்கையும் உண்டு. இந்த வியாதிக்கு ஆங்கில வைத்தியம் வழங்கிய பெயர், அது ஓர் அழற்சி என்ற பொருளைத் தாங்கியது. அழற்சியானால் அதை அணைக்கும் மாத்திரை கொடுக்கவேண்டும் என்பது தர்க்கம். 2003-ல் அமெரிக்காவில் லெமாண்ட் முதலியோர், அறுவை சிகிச்சைக்கு உள்ளான 50 நோயாளிகளின் பட்டைத் திசுவை நுண்பெருக்கியில் சோதித்து, அழற்சிக்குரிய அணுக்களைக் காணவில்லை என்றும், நார்கள் சிதைந்து ஒழுங்கு குலைந்து க்ஷீணித்திருப்பதையே கண்டதாகவும் எழுதினார்கள். நாட்பட்ட குதிவலிக்குப் பட்டையின் க்ஷீணமே அடிப்படை என்ற அபிப்பிராயம் அதன்பின் வலுப்பெற்றது. இது வெறும் பெயர்ச் சண்டையாக நின்றுவிடவில்லை. சிகிச்சையின் திசையையே மாற்றியது. க்ஷீணித்த நாரை மாத்திரையால் கெட்டிப்படுத்த முடியாது. அளவறிந்து இழுத்தால்தான் அது புதிய நாரை உண்டாக்கிக்கொள்ளும். முழு ஓய்வில் அது மேலும் தளரும், மிகை உழைப்பில் மேலும் நையும். ஆக, இந்த நோயாளிக்கு வேண்டியது பாரத்தை அளந்து கொடுக்கும் உபாயம்.

ஜவுளிக்கடையில் ஒரு நாள்

அந்த உபாயத்தை ஒருவருடைய வாழ்க்கையில் வைத்துப் பார்ப்போம். சென்னை தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடைவைப் பிரிவில் நிற்கும் ஓர் அம்மாளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது நாற்பத்தைந்து, எடை 70 கிலோ. அதிகாலையில் எழுந்து வெறுங்காலோடு டைல்ஸ் பதித்த சமையலறையில் இரண்டு மணி நேரம் நின்று சமைத்துவிட்டு, பஸ் ஏறிக் கடைக்கு வந்தால், கிரானைட் தரையில் பத்து மணி நேரம் நிற்க வேண்டும். தீபாவளிக்கு முந்திய மாதத்தில் இன்னும் இரண்டு மணி நேரம் கூடும். வார விடுமுறையும் இராது. அவருக்கு வலி அந்த ஐப்பசியில்தான் தொடங்கியது. இது சகஜமான சரித்திரம். பல வருஷங்களாகத் தாங்கிய பாரத்தைத் தாங்கப் பழகியிருந்த பட்டை, சட்டென்று ஏறிய பாரத்துக்குப் பழக அவகாசம் பெறவில்லை.

அவர் நாளொன்றுக்கு ஆறாயிரம் அடி வைக்கிறார் என்று கொள்வோம். ஒவ்வொரு காலுக்கும் மூவாயிரம். ஒவ்வோர் அடியிலும் பட்டைமேல் ஏறும் இழுவை அவர் எடைக்கு ஏறத்தாழச் சமமென்று பார்த்தோம். மூவாயிரத்தை எழுபதால் பெருக்கினால் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கிலோ, அதாவது 210 டன். சிறு சிறு இழுவைகளை இப்படிக் கூட்டுவதை விஞ்ஞானிகள் முழுமனத்தோடு ஒப்பமாட்டார்கள். ஆயினும் எந்த மாற்றத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் காட்ட இந்தக் கூட்டல் உதவும். அவருடைய எடை ஐந்து கிலோ குறைந்தால் அன்றாடக் கணக்கில் 15 டன் கழியும். அடிகளில் ஆயிரத்தைக் குறைத்தால், ஒரு காலுக்கு ஐந்நூறாக, 35 டன் கழியும். நிற்பது இந்தக் கணக்கில் சேரவேயில்லை. நிற்கும்போது விரல் மடங்காவிட்டாலும், வளைவு மெல்ல இறங்கிப் பட்டையை இடைவிடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. கடைகளில் வேலை செய்வோர் உட்கார ஆசனம் தரவேண்டுமென்று தமிழ்நாடு 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அந்த ஆசனத்தில் உட்காருவது இந்த அம்மாளுக்குச் சலுகை அன்று, உரிமை. அவர் சாப்பிடும் எந்த மாத்திரையைவிடவும் அது பயன் தரும் என்பது என் அபிப்பிராயம்.

இனி அவருடைய நாளைத் தொடக்கத்திலிருந்து மாற்றியமைப்போம்.

விழித்ததும் அவர் தரையில் கால் வைக்கக்கூடாது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றொரு தொடையின்மேல் போட்டுக்கொண்டு, கையால் கால்விரல்களைப் பிடித்து முழங்காலை நோக்கிப் பின்னால் வளைக்க வேண்டும். நாம் செய்த சிறு சோதனைதான், இப்போது சிகிச்சையாகிறது. மற்றொரு கையின் விரலை உள்ளங்காலில் வைத்தால் பட்டை விறைப்பது தெரியும். விறைக்காவிட்டால் இழுப்புப் போதவில்லை என்று பொருள். பத்து எண்ணும் வரை பிடித்துவிட்டுத் தளர்த்தி, இப்படிப் பத்துத் தடவை. 2003-ல் டிஜொவானி முதலிய அமெரிக்க வைத்தியர்கள் நாட்பட்ட குதிவலிக்காரர்கள் 101 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இந்தப் பயிற்சியையும் மறு பிரிவினரைக் கெண்டைக்கால் நீட்டலையும் நாள்தோறும் மூன்று வேளை எட்டு வாரம் செய்யச் சொன்னார்கள். இரு பிரிவினரும் தேறினார்கள். ஆனால் காலையின் முதல் அடி வலியில் விரல் வளைத்தவர்களே அதிகம் தேறியிருந்தார்கள்.

பயிற்சி முடிந்ததும், கட்டிலடியில் காத்திருக்கும் செருப்பில் கால் நுழைய வேண்டும். வீட்டுக்குள் செருப்பா என்று அந்த அம்மாள் முகம் சுளிப்பார். தெருவில் போட்ட செருப்பை அடுக்களைக்குள் கொண்டுபோகச் சொல்லவில்லை; வாசற்படி தாண்டாத ஒரு ஜோடியைத் தனியே வாங்கி வைத்துக்கொள்ளலாம். பூஜையறை வாசலில் கழற்றிவிடலாம். அங்கே அவர் நிற்கும் நேரம் கொஞ்சம்.

பகல் சாப்பாடு முடிந்து எழுவதற்கு முன் மறுபடியும் அதே பத்துத் தடவை. பஸ்ஸில் இடம் கிடைத்தால், இறங்கும் நிறுத்தத்துக்கு முன் செருப்புக்குள்ளேயே விரல்களை மேலே தூக்கித் தூக்கி இறக்கலாம். உட்கார்ந்து எழும் ஒவ்வொரு தடவையும் ஒரு சிறிய விடியற்காலை என்று பட்டை எண்ணிக்கொள்கிறது. ஆகவே எழுமுன் அதற்கு அறிவித்துவிடுவது நல்லது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கெண்டைக்கால். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னே வைத்து, குதியைத் தரையிலிருந்து எடுக்காமல், முழங்காலை மடக்காமல், உடலை முன்னே சாய்த்தால் கெண்டைச் சதை இழுபடும். அரை நிமிஷம் அப்படியே நிற்க வேண்டும். கெண்டைச் சதை இறுகியவருக்குக் கணுக்கால் போதிய அளவு மடங்குவதில்லை. அது மடங்காத குறையைப் பாதத்தின் வளைவு தட்டையாகி ஈடுசெய்கிறது. தண்டனை பட்டைக்குக் கிடைக்கிறது. குதிவலிக்கு ஏதுவான காரணங்களை ஆராய்ந்தவர்கள், உடற்பருமனையும் நாள் முழுவதும் நிற்கும் தொழிலையும்விட இந்த இறுக்கத்தையே முதன்மையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வளவும் பட்டையை இளக்குவதற்கு. அதைக் கெட்டிப்படுத்த இன்னொன்று உண்டு. இரண்டு வாரம் கழிந்து, காலைக் குத்தல் சற்று மட்டுப்பட்டபின் அதைத் தொடங்கலாம். மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு மட்டும் அடியில் வைத்து, குதி படிக்கு வெளியே இருக்கும்படி நின்று, மூன்று எண்ணும் நேரத்தில் மெல்ல எழும்பி, இரண்டு எண்ணும் வரை நின்று, மூன்று எண்ணும் நேரத்தில் மெல்ல இறங்க வேண்டும். துண்டு எதற்கென்றால், விரல்கள் மேல்நோக்கி மடங்கியிருந்தால்தான் பட்டை இறுகும். வெறுமனே எழும்பினால் பலனில் பாதி கெண்டைச் சதைக்குப் போய்விடும். பன்னிரண்டு தடவையாக மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் இரு கால்களால், பிறகு வலிக்கும் காலால் மட்டும்; அதுவும் எளிதானபின் புத்தகங்கள் நிரம்பிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு. டென்மார்க்கில் ராத்லெஃப் முதலியோர் 48 பேரிடம் இதைச் சோதித்தபோது, மூன்று மாத முடிவில் வெறும் நீட்டல் செய்தவர்களைவிட இவர்கள் தெளிவாக முந்தியிருந்தார்கள். ஒரு வருஷ முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். ஆக, இந்த அப்பியாசத்தால் ஆவது முக்கியமாகக் கால லாபம்.

இதைச் செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். எவ்வளவு வலித்தால் நிறுத்துவது? அதைச் சொல்ல மறுநாளின் முதல் அடி இருக்கிறது. அது வழக்கம்போலவோ குறைவாகவோ வலித்தால் செய்த அளவு சரி. வழக்கத்தைவிடக் கூடினால் அளவு மிஞ்சிவிட்டது, குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு காகிதத்தில் நாள்தோறும் பத்துக்கு எத்தனை என்று குறித்து வைத்தால், ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் வித்தியாசம் தெரியாவிட்டாலும், முதல் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் தெரியும்.

செங்கல்லும் எருக்கிலையும்

நம் கிராமங்களில் குதிகால் வாதத்துக்குச் செய்யும் வைத்தியம் எல்லோரும் அறிந்தது. செங்கல்லைச் சுடவைத்து, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி, பொறுக்கும் சூட்டில் குதியை வைத்து வைத்து எடுப்பார்கள். இதைக் கேலி செய்ய நான் தயாராயில்லை. உஷ்ணம் திசுவை இளக்கும், வலியை மங்கச்செய்யும். அந்த இளக்கத்தோடு உடனே விரல் வளைக்கும் பயிற்சியைச் செய்தால் பயன் உண்டு. வெந்நீரும் ஒரு பழைய துணியும் இதே காரியத்தைச் செய்யும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணுக்குக் கேடு என்பதால், இலையைத் தொட்ட கையை உடனே கழுவுவது அவசியம்.

நாளின் முடிவில் குதி கனன்றால் குளிர்ச்சி சுகம் தரும். தண்ணீர் நிரப்பி உறையவைத்த சிறு பாட்டிலைத் துணியில் சுற்றித் தரையில் போட்டு, உள்ளங்காலால் ஐந்து பத்து நிமிஷம் உருட்டலாம். சூடோ குளிர்ச்சியோ, இரண்டும் ஆறுதலே தவிர சிகிச்சை ஆகா. எது இதமாக இருக்கிறதோ அதைச் செய்துகொள்ளலாம்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் மட்டும் இரண்டையும் செய்யக்கூடாது. நெடுநாள் சர்க்கரையால் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கலாம். பொறுக்கும் சூடு எது என்று அந்தப் பாதம் சொல்லாது. செங்கல் சுட்ட கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல் விரலை இழந்தவரின் கதை எந்தச் சர்க்கரை மருத்துவமனையிலும் புதிதன்று.

செருப்பைப் பற்றிச் சில வார்த்தைகள்

உணர்ச்சியற்ற பாதத்தைப் பற்றிய ஞானம் உலகத்துக்குப் பெருமளவில் நம் பக்கத்திலிருந்தே போயிற்று. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேயரான டாக்டர் பால் பிராண்டு, 1946-ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளைப் பராமரித்தபோது, அவர்கள் பாதத்துப் புண்கள் நோயால் அழுகி உண்டாகவில்லை, வலி தெரியாத பாதத்தின் ஒரே இடத்தில் ஓயாமல் விழும் அழுத்தத்தால் உண்டாயின என்று கண்டார். அந்த அழுத்தத்தைப் பரவலாக்கத் தேடிய முயற்சிகளில் உருவானதே நுண்ணறை ரப்பர்ச் செருப்பு. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று நம் கடைகளில் கிடைப்பது அதன் வழிவந்தது.

குதிவலிக்கு அது உதவுமா என்றால், தேய்ந்துபோன ஹவாய் செருப்பைவிடவும் வெறுங்காலைவிடவும் நிச்சயமாக உதவும். ஆனால் மெத்தென்று இருப்பது மட்டும் போதாது. கட்டைவிரலால் அழுத்தினால் அடிவரை அமுங்கிப்போகும் பஞ்சு, நிற்கும் எடைக்கு முன் இருந்தும் இல்லாததே. குதி சற்று உயர்ந்தும், உட்புற வளைவுக்குத் தாங்கல் உள்ளதாயும், பின்வார் உள்ளதாயும் பார்த்து வாங்க வேண்டும். வார் இல்லாத செருப்பைக் கழலாமல் பிடித்துக்கொள்ள விரல்கள் ஓயாமல் பாடுபடுகின்றன. பாதத்தை அச்செடுத்து ஆயிரக்கணக்கில் விலை வைத்துச் செய்துதரும் உள்தளங்கள், கடையில் ஆயத்தமாகக் கிடைப்பவற்றைவிட ஒரு வருஷ முடிவில் அதிகப் பயன் தந்ததாக 2006-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனை காட்டவில்லை.

வீட்டை விட்டுப் புறப்பட வேண்டிய சமயங்கள்

இதுவரை சொன்னது, காலையின் முதல் அடியில் மிகுந்து, நடந்தால் குறைந்து, குதியின் உள்முன் பக்கத்தில் நிற்கும் வலிக்கு. எல்லாக் குதிவலியும் அதுவன்று. உயரத்திலிருந்து குதித்தோ விழுந்தோ தொடங்கிய வலி எலும்பு முறிவாக இருக்கலாம். குதி எலும்பை இரு பக்கமும் உள்ளங்கைகளால் அழுத்தினால் வலிப்பது, எலும்பில் நுண்ணிய விரிசல் கண்டிருக்கும் என்ற சந்தேகத்துக்கு இடம் தரும். எரிச்சலும் மரமரப்பும் நரம்பைச் சுட்டும். படுத்திருக்கும்போதும் விடாத வலி, காய்ச்சலோடும் வீக்கத்தோடும் கூடிய வலி ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியம் கூடாது. இளம் வயதினருக்கு இரண்டு குதிகளும் வலித்து, காலையில் முதுகும் அரைமணிக்கு மேல் விறைத்திருந்தால், அது முதுகெலும்பு வாத நோயின் அறிகுறியாக இருக்கலாம். அப்படிப்பட்டவர் செருப்பு மாற்றிக்கொண்டு காலம் கடத்துவது பெருந்தவறு.

வைத்தியரிடம் போனால் குதியில் ஊசி போடலாமென்று சொல்லக்கூடும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல ஆறுதல் தருவது வாஸ்தவம். ஆனால் அந்தப் பலன் நீடிப்பதில்லை. பலமுறை போட்டுக்கொண்டால், பட்டை அறுந்துபோவதும் குதியின் கொழுப்பு மெத்தை மெலிந்துபோவதும் உண்டு. ஒரு கல்யாணத்தையோ ஒரு பரீட்சையையோ கடக்க வேண்டியவருக்கு ஒரு தடவை போடுவதை நான் ஆட்சேபிக்கமாட்டேன். மாதந்தோறும் போட்டுக்கொள்பவரை அவசியம் தடுப்பேன்.

வலி வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குக் குறையாமல் ஒரு வருஷத்துக்குள் கத்தியும் ஊசியும் இன்றியே குணமடைகிறார்கள். ஒரு வாரம் விரல் வளைத்துவிட்டுப் பயனில்லை என்று விடுகிறவர்களே அதிகம் என்பதால் சொல்கிறேன்: மூன்று மாதம் ஒருநாளும் விடாமல் செய்துவிட்டு, அதன்பிறகு இந்த அத்தியாயத்தைக் குறை கூறுங்கள். ஆறு மாதமாகியும் முதல் அடி மாறவில்லையானால், குறித்து வைத்த காகிதத்தோடு எலும்பு வைத்தியரைப் போய்ப் பாருங்கள். அவருக்கு அந்தக் காகிதம் எக்ஸ்ரேயைவிட அதிகம் சொல்லும்.